டைனிங் சேருக்கு வீட்லயே குஷன் தைக்கிறது: மலை ஊர்க்காரங்களுக்கான முழு வழிகாட்டி

கோத்தகிரியில டிசம்பர் மாசம் காலையில ஆறரை மணிக்கு வெறும் மர சேர்ல உட்கார்ந்து பார்த்தவங்களுக்கு குஷன் எதுக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. எங்க வீட்டு டைனிங் சேர் ஆறும் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை காலி பண்ணப்போ வாங்கினது, நல்ல கனமான மரம், ஆனா உட்கார்ந்தா ஐஸ் கட்டி மேல உட்கார்ந்த மாதிரி இருக்கும். எங்க அத்தை சாப்பிட வரும்போதே ஒரு பழைய ஸ்வெட்டரை நாலா மடிச்சு கையில எடுத்துட்டு வந்து, அதைப் போட்டுத்தான் உட்காருவாங்க. அதைப் பார்த்துதான் இந்த வேலையில இறங்கினேன்.

இப்போ வீட்ல இருக்கிறது மூணாவது செட். முதல் செட்ல இலவம் பஞ்சு அடைச்சேன், தலகாணிக்கு நல்லா இருக்கே இதுக்கும் இருக்கும்னு. நவம்பர் மழையில ஒரு வாரம் வெயிலே வரல, பஞ்சு ஈரத்தை இழுத்து உருண்டை உருண்டையா போயி, தூக்கினா ஒரு புளிச்ச வாடை. ரெண்டாவது செட்ல ஃபோம் போட்டேன், ஆனா ஜிப் வைக்க சோம்பேறித்தனப்பட்டு நாலு பக்கமும் தைச்சு மூடிட்டேன், அடுத்த மழைக்கு அடிப்பக்கம் கருப்பு கருப்பா பூசணம். துவைக்கவும் முடியல, கழட்டவும் முடியல, மொத்தமா தூக்கிப் போட்டேன். கீழ ஊர்ல இருக்கிறவங்க எழுதுற குறிப்பெல்லாம் அளவு, கலர், டிசைன்னு போகும். நம்ம ஊர்ல முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இது காயுமா, கழட்டி காய வைக்க முடியுமாங்கிறதுதான். கீழ சொல்றதுல பாதி அதை வச்சுத்தான் சொல்றேன்.

எப்போ ஆரம்பிக்கலாம்

ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் நவம்பர்ல வடகிழக்கு பருவமழை பிடிச்சுக்கும், கூடலூர் பந்தலூர் பக்கம்னா ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தென்மேற்கு கொட்டித் தீர்க்கும். மழையில ஆரம்பிச்சா துணியை முதல்ல துவைச்சு சுருக்கி எடுக்குற வேலையே மூணு நாலு நாள் இழுக்கும். இன்னொண்ணு, குண்டூசி. ஒரு நவம்பர்ல பாதி தைச்ச கவர்ல குண்டூசி குத்தினபடியே அப்படியே மடிச்சு வச்சுட்டு ஊருக்குப் போயிட்டேன், பத்து நாள் கழிச்சு வந்து பிரிச்சா ஒவ்வொரு ஊசி இருந்த இடத்துலயும் ரெண்டு துரு புள்ளி, உள்ள போன இடத்துல ஒண்ணு வெளிய வந்த இடத்துல ஒண்ணு, வரிசையா எறும்பு போன மாதிரி. எலுமிச்சம்பழம் உப்பு எல்லாம் தேய்ச்சுப் பார்த்தேன், மங்கிச்சே தவிர போகல. குத்தின ஊசியை அன்னைக்கே எடுத்துருங்க.

அளவு எடுக்கிறது, இதுல அவசரப்படாதீங்க

டேப் வச்சு நீளம் அகலம் மட்டும் எடுத்தா வேலைக்கு ஆகாது. பெரும்பாலான டைனிங் சேர் சீட் முன்னாடி அகலமாவும் பின்னாடி குறுகியும் இருக்கும். எங்க சேர் முன்பக்கம் 17½ இன்ச், பின்பக்கம் 15, முன்னாலருந்து பின்னால 16. நியூஸ்பேப்பரை ரெண்டு மூணு சேர்த்து ஒட்டி சீட் மேல விரிச்சு, ஓரத்தை விரலால அழுத்தி மடிச்சுக்கிட்டே வந்தா மடிப்பு விழும், அந்த மடிப்புல வெட்டுங்க. வெட்டின பேப்பரை நடுவுல ரெண்டா மடிச்சுப் பாருங்க, ரெண்டு பாதியும் ஒண்ணா இருந்தா நல்லது, கையால செஞ்ச பழைய சேர்னா இருக்காது. ரெண்டு பாதியும் ஒண்ணா இல்லன்னா பேப்பர்ல "மேல்"னு பெருசா எழுதி வச்சுக்கோங்க, இல்லன்னா திருப்பிப் போட்டு வெட்டிட்டு அப்புறம் முழிக்கணும்.

ஒரு சேருக்கு எடுத்த பேப்பர் ஆறு சேருக்கும் ஆகும்னு நினைக்காதீங்க. நான் நினைச்சேன். எங்க ஆறு சேர்ல 4-ம் நம்பர் மட்டும் முக்கால் இன்ச் ஒடுக்கம், எப்பவோ யாரோ ஆசாரி ரிப்பேர் பண்ணி ஒட்டியிருக்காரு போல. ஒவ்வொரு சேரோட அடியிலயும் சாக்ல நம்பர் போட்டு அதே நம்பரை பேப்பர்லயும் எழுதிருங்க.

பின்னாடி முதுகுத் தூண் சீட்டுக்குள்ள வந்து நிக்கிற சேரா இருந்தா, தூணை சுத்தி 'ட' மாதிரி வெட்டாதீங்க, அந்த உள் மூலையை தைக்கிறது பெரிய ரோதனை. மூலையை சாய்வா ஒரே வெட்டா வெட்டிருங்க, உட்கார்ந்தா யாருக்கும் தெரியாது.

உயரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கோங்க. சாதாரணமா டேபிள் தரையில இருந்து 30 இன்ச், சீட் 18 இன்ச், நடுவுல 12 தான் இருக்கு, அதுலயும் டேபிளுக்கு அடியில ஒரு சட்டம் ஓடும், அது மூணு நாலு இன்ச்சை தின்னுரும். மூணு இன்ச் குஷன் போட்டா தொடை இடிக்கும், அத்தை மாதிரி குள்ளமா இருக்கிறவங்களுக்கு கால் அந்தரத்துல தொங்கும். ஒன்றரை இன்ச் போதும்.

ஃபோம்

ஃபோம் கடையில "32 டென்சிட்டி"ன்னு கேளுங்க, தினமும் உட்கார்ற சேர்னா 40 இன்னும் நல்லது. டென்சிட்டின்னா ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோன்னு அர்த்தம், கெட்டியா இருக்கா மெத்துனு இருக்கான்னு இல்ல. கெட்டியா தெரியுற ஃபோமும் டென்சிட்டி கம்மியா இருந்தா ஆறு மாசத்துல அப்பளம் ஆயிரும். என் ரெண்டாவது செட்டுக்கு ஒரு கடையில 32-ன்னு சொல்லி எதையோ தலையில கட்டிட்டாங்க, அதனால இப்போல்லாம் ஒரு துண்டை கையில வாங்கி கட்டை விரலை மரப்பலகை தட்டுற வரைக்கும் அழுத்திட்டு எடுப்பேன், உடனே எழும்பி வந்தா சரி, குழி ரெண்டு மூணு செகண்ட் நின்னா வேண்டாம். துண்டு துண்டா ஒட்டின ரீபாண்டட் ஃபோமும் கிடைக்கும், அது கல்லு மாதிரி, ஒன்றரை இன்ச்ல உட்கார சுகமே இருக்காது.

6 அடிக்கு 3 அடி ஷீட் ஒண்ணு வாங்கினா அகலத்துல ரெண்டு, நீளத்துல நாலுன்னு எட்டு துண்டு வரும், ஆறு சேருக்கு போக ரெண்டு மிச்சம். பேப்பரை வச்சு மார்க்கர்ல வரைஞ்சு சரியா அதே அளவுக்கு வெட்டுங்க. கத்தரிக்கோல் வேண்டாம், ஃபோமை அமுக்கி வெட்டுறதால ஓரம் உள்ள குழிஞ்சு போயிரும். பிரெட் வெட்டுற பல்லு கத்தி இருந்தா அதுல, அமுக்காம, ரம்பம் மாதிரி இழுத்து இழுத்து, கத்தியை நேரா நிறுத்தி வெட்டுங்க. தூள் பறக்கும், வராண்டாவுல உட்கார்ந்து வெட்டுங்க.

வெட்டின ஃபோம் மேல மெல்லிசா ரெக்ரான் ஷீட், அதான் பாலியஸ்டர் பஞ்சு ஷீட், ஒரு சுத்து சுத்தி, அதுக்கு மேல காடா துணியில ஒரு உள் உறை. பேப்பரை விட சுத்தி ஒன்னேகால் இன்ச் தள்ளி ரெண்டு துண்டு வெட்டி, அரை இன்ச்ல மூணு பக்கம் தைச்சு, ஃபோமை சொருகி நாலாவது பக்கத்தை கையால தைச்சா போதும். ஆறுக்கும் மூணு மீட்டர் காடா ஆகும். எதுக்கு இந்த ரெட்டை வேலைன்னு கேப்பீங்க. வெறும் ஃபோமை மாசத்துக்கு ரெண்டு தடவை கழட்டி மாட்டினா ஓரமெல்லாம் பிஞ்சு பிஞ்சு வரும். உள் உறை இருந்தா கழட்டி கொடியில போட்டுடலாம்.

துணி

வெளித் துணிக்கு என் ஓட்டு காட்டன் கேன்வாஸுக்கு. கரூர்ல இருந்து மேஜை விரிப்பு, சேர் பேட் எல்லாம் வெளிநாட்டுக்குப் போகுது, அதுல மிச்சம் விழுற துணி கோயம்புத்தூர், ஈரோடு கடைகள்ல கிடைக்கும், மலையில வாங்குறதை விட கீழ போறப்போ சேர்த்து வாங்கிட்டு வர்றது மேல். ரெக்ஸின் துடைக்க வசதிதான், ஆனா நம்ம ஊர் குளிர்ல காலையில உட்கார்ந்தா மரமே தேவலைன்னு தோணும். வெல்வெட் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். பவானி ஜமுக்காளத்துல தைச்சா கோடு கோடா அள்ளும், நானும் ஆசைப்பட்டேன், ஆனா நாலு மடிப்பு ஒண்ணு சேர்ற மூலையில வீட்டு மெஷின் ஏறவே மாட்டேங்குது, பைப்பிங், அதான் ஓரத்துல கயிறு வச்சு தைக்கிற பட்டி, அது இல்லாம வேணும்னா பண்ணலாம். ஒருத்தங்க தோடர் எம்பிராய்டரி துணியை வெட்டி குஷன் தைக்கலாமான்னு என்கிட்ட கேட்டாங்க. அந்த செவப்பு கருப்பு வேலைப்பாடு ஒவ்வொரு இழையா எண்ணி கையால போடுறது, 2013-ல புவிசார் குறியீடு வாங்கினது, உடம்புல போர்த்திக்கிற துணி. அதை மேல உட்கார்றதுக்கு வெட்ட எனக்கு மனசு வராது, உங்களுக்கும் வேண்டாம்.

54 இன்ச் பன்னாவுல, அதாவது துணி அகலத்துல, எங்க அளவு சேர் ஆறுக்கு மூன்றரை மீட்டர் ஆச்சு, பைப்பிங் கயிறெல்லாம் சேர்த்து, துணி சுருங்குறதுக்கும் சேர்த்து. பிளெயின் துணின்னா துண்டுகளை ஒண்ணு நேரா ஒண்ணு தலைகீழா அடுக்கினா அகலத்துல மூணு உட்காரும். பூ, மரம்னு ஒரே பக்கம் பார்க்குற டிசைன்னா அப்படி அடுக்க முடியாது, அரை மீட்டருக்கு மேல கூட வாங்குங்க. வாங்கினதும் துவைச்சு காயப்போட்டு இஸ்திரி போட்டுட்டுதான் கத்தரி வைக்கணும். துவைக்காம தைச்ச கவர் முதல் துவையல்லயே ஃபோமுக்கு பத்தாம போகும்.

நூல் பாலியஸ்டர் வாங்குங்க, காட்டன் நூல் ஈரத்துல பூசணம் பிடிச்சு இத்துப் போகும். கேன்வாஸுக்கு 16 நம்பர் ஊசி, தையல் நீளம் 3 மில்லி. ஜிப் நைலான் ரன்னிங் ஜிப், 5-ம் நம்பர், மீட்டர் கணக்குல கிடைக்கும், இழுத்து மூடுற ரன்னர் தனியா. மெட்டல் ஜிப் வேண்டவே வேண்டாம், காரணம் குண்டூசி கதையிலயே இருக்கு.

வெட்டுறது

ஒரு குஷனுக்கு மேல் துண்டு ஒண்ணு, அடித் துண்டு ஒண்ணு. பேப்பரை வச்சு சுத்தி கால் இன்ச் மட்டும் கூட விட்டு வெட்டுங்க. தைக்கிறது அரை இன்ச்ல. அப்போ தைச்ச கவர் ஃபோமை விட ஒவ்வொரு பக்கமும் கால் இன்ச் சின்னதா வரும், அப்பதான் கவர் தொளதொளன்னு இல்லாம விறைப்பா நிக்கும். இதை தப்புன்னு நினைச்சு யாரும் பெருசாக்கிடாதீங்க.

அப்புறம் பக்கப் பட்டி. முன்பக்கமும் ரெண்டு சைடும் சுத்தி வர்ற பட்டி 2½ இன்ச் அகலம், 45 இன்ச் நீளம், கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சட்டும், கடைசியில வெட்டிக்கலாம். பின்னாடி ஜிப் வர்ற பட்டி 3½ இன்ச் அகலம், 22 இன்ச் நீளம். பின்பக்கமே 15 தானே எதுக்கு 22-ன்னா, ஜிப் ரெண்டு மூலையும் தாண்டி சைடுக்கு மூணு மூணு இன்ச் வரணும். மூலையோட நின்னுட்டா ஃபோமை மடக்கி முறுக்கி உள்ள தள்ள வேண்டி வரும், அந்த சிரமத்துக்கு பயந்தே நீங்க கழட்டி காய வைக்க மாட்டீங்க.

கட்டுற நாடாவுக்கு 2 இன்ச் அகலம் 24 இன்ச் நீளத்துல ரெண்டு. ரெண்டு ஓரத்தையும் உள்ள மடிச்சு மறுபடி ரெண்டா மடிச்சு தைச்சா அரை இன்ச் நாடா.

பைப்பிங்குக்கு மிச்சத் துணியில ஒன்றரை இன்ச் அகலத்துல கிராஸா, மூலைக்கு மூலை சாய்வா வெட்டுங்க. ஆரம்பத்துல துணியை மிச்சம் பிடிக்க நேரா வெட்டி தைச்சு மூலையில சுருக்கம் சுருக்கமா வந்துச்சு, மார்க்கெட் பக்கம் தையல் கடை வச்சிருக்கிற பெரியவர்கிட்ட கொண்டு போயி காட்டினேன். கையில வாங்கிப் பார்த்தாரு. "நேரா வெட்டின பைப்பிங் மூலையில மொறைச்சுக்கிட்டு நிக்கும் அம்மிணி, கிராஸ்ல வெட்டினதுதான் சொன்ன பேச்சு கேக்கும்"னாரு. ஒரு குஷனுக்கு 65 இன்ச் வேணும், துண்டு துண்டா சேர்த்து நீளமாக்கிக்கலாம். நடுவுல பைப்பிங் கயிறை வச்சு மடிச்சு, கயிறை ஒட்டி ஜிப் ஃபுட்ல, அதான் ஒரு பக்கம் மட்டும் கால் இருக்குமே அது, அதை மாட்டி ஓட்டுங்க. கயிறையும் துணியோட சேர்த்து துவைச்சிருக்கணும், இல்லன்னா அது தனியா சுருங்கும்.

தைக்கிற வரிசை

ஜிப் பட்டியை நீளவாக்குல ரெண்டா வெட்டுங்க, ஒன்னேமுக்கால் ஒன்னேமுக்கால் வரும். ஒவ்வொண்ணுலயும் ஒரு ஓரத்தை அரை இன்ச் மடிச்சு இஸ்திரி போட்டு, ரெண்டு மடிப்பும் ஜிப்போட நடுவுல முட்டுற மாதிரி வச்சு தைச்சா அகலம் சரியா 2½ வந்துரும். ரன்னர் ஏத்துறதுதான் பலருக்கு எரிச்சல். சாப்பிடுற ஃபோர்க்கை எடுத்து பல்லு மேல பார்க்க ஒரு சொம்புக்குள்ள நிக்க வச்சு துணி அடைச்சு இறுக்குங்க, ரன்னரோட மூக்கை ஃபோர்க் பல்லுல மாட்டிட்டு, ஜிப்போட ரெண்டு முனையையும் ரெண்டு கையில பிடிச்சு ஒரே சமமா ரன்னர் ஓட்டைக்குள்ள விட்டு கீழ இழுங்க. ஒரு முனை முந்திச்சுன்னா ஜிப் கோணிக்கும், வெளிய எடுத்து மறுபடி. ஏறினதும் ரெண்டு முனையிலயும் குறுக்க நாலு தையல் போட்டுருங்க, ரன்னர் நழுவி வெளிய வராது.

அடுத்து பைப்பிங்கை மேல் துண்டோட நல்ல பக்கத்துல, வெட்டின ஓரம் வெட்டின ஓரத்தோட சேர்ற மாதிரி சுத்தி ஓட்டுங்க. ஆரம்பமும் முடிவும் பின்பக்க நடுவுல வரட்டும். மூலைக்கு அரை இன்ச் முன்னாடியே நின்னு, பைப்பிங்கோட ஓரத்துல மட்டும் மூணு சின்ன வெட்டு, தையலைத் தொடாம. ஊசி துணிக்குள்ள இருக்கும்போதே ஃபுட்டைத் தூக்கி துணியைத் திருப்பி மறுபடி ஓட்டணும். இந்த இடத்துல மோட்டாரை நம்பாதீங்க, கையால சக்கரத்தை சுத்துங்க, நாலஞ்சு தையல்தானே. பைப்பிங் அடிப்பக்கத்துக்கு தேவையில்ல, யாரு குனிஞ்சு பார்க்கப் போறாங்க.

நாடா ரெண்டையும் நடுவுல மடிச்சு, மடிப்பு பின்பக்கத்து ரெண்டு மூலையிலயும் ஓரத்துல வர்ற மாதிரி மேல் துண்டுல ஒரு தையல் போட்டு பிடிச்சு வச்சுக்கோங்க, வால் ரெண்டும் உள்பக்கம் இருக்கணும், இல்லன்னா அடுத்த தையல்ல மாட்டிக்கும்.

பெரிய பட்டியோட ஒரு முனையை ஜிப் பட்டியோட ஒரு முனையில சேர்த்து தைங்க. ஜிப் பட்டியோட நடுவையும் மேல் துண்டு பின்பக்க நடுவையும் சேர்த்து குத்தி, அங்கருந்து ரெண்டு பக்கமும் குத்திக்கிட்டே போங்க, மூலை வர்ற இடத்துல பட்டியில ஒரு வெட்டு கொடுத்தா தானா திரும்பும். முழுசா சுத்தி வந்து மறுமுனையை சந்திக்கிற இடத்துல மிச்சத்தை வெட்டிட்டு பட்டியை மூடி தைச்சு, அப்புறம் மேல் துண்டோட சேர்த்து ஓட்டுங்க, பைப்பிங் போட்ட அதே தையல் மேல, ஒரு நூல் அளவு உள்ள தள்ளி. அடித் துண்டு சேர்க்கிறதுக்கு முன்னாடி முன்பக்க நடு, பின்பக்க நடு, நாலு மூலைன்னு பட்டியோட கீழ் ஓரத்துல சாக்ல குறி வச்சுக்கோங்க. குறி வைக்காம தைச்சா மேலயும் கீழயும் அரை இன்ச் தள்ளிப் போயி குஷன் முறுக்கின மாதிரி நிக்கும்.

அடித் துண்டைத் தைக்கிறதுக்கு முன்னாடி ஜிப்பை பாதி திறந்து வைங்க. திரும்ப சொல்றேன், ஜிப்பை திறந்து வைங்க. நான் அஞ்சாவது குஷன்ல மறந்துட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு, உள்பக்கம் வெளியில இருக்க ஜிப் இழுக்குற வாலு உள்ள மாட்டிக்கிச்சு, துணிக்கு மேலயே ரன்னரை நகத்தால நெம்பி நெம்பி திறக்க இருபது நிமிஷம் ஆச்சு. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உட்கார்ந்து சிரிச்சாரே தவிர உதவல.

தைச்சதும் மூலைகளை சாய்வா வெட்டி, ஓரமெல்லாம் ஓவர்லாக் இல்லன்னா ஜிக்ஜாக் போட்டு, ஜிப் வழியா நல்ல பக்கம் திருப்புங்க.

ஃபோமை உள்ள விடுறதுக்கு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி தள்ளுறது ஒரு வழி, நீலகிரியில கவருக்கே தடை, அதனால வழுக்குற பழைய பாலியஸ்டர் துப்பட்டாவுல சுத்தி முன்பக்கத்தை முதல்ல உள்ள தள்ளி மூலை சரியா உட்கார்ந்ததும் துப்பட்டாவை உருவிருங்க. தப்பித்தவறி கவர்ல சுத்தினா அதை உள்ளயே விட்டுடாதீங்க, ஈரம் வெளிய வர வழியே இருக்காது.

போட்ட பிறகு

மழைக் காலத்துல ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி குஷனை சேர்ல படுக்க வைக்காம முதுகுச் சட்டத்துல சாய்ச்சு நிக்க வச்சுட்டுப் போங்க, அடிப்பக்கம் காத்து படும், அவ்ளோதான், பூசணத்துல பாதி இதுலயே நிக்கும். வெயில் வந்த நாள்ல கவரை வெயில்ல போடுங்க, ஃபோமை மட்டும் நிழல்ல காத்தோட்டமா. நேர் வெயில்ல ஃபோம் மஞ்சளாகி உதிர ஆரம்பிச்சுரும். கணப்பு, ஹீட்டர் பக்கத்துல காய வைக்கிற பழக்கம் இங்க நிறைய வீட்ல உண்டு, துணி வரைக்கும் சரி, ஃபோமை கொண்டு போகவே கூடாது, சட்டுனு பிடிச்சுக்கும், அந்தப் புகை விஷம்.

எங்க வீட்ல இப்போ ஒரு வருஷம் ஆச்சு. பூசணம் இல்ல. முன்பக்க மூலையில பைப்பிங் மட்டும் தேய ஆரம்பிச்சிருக்கு, பசங்க ஜீன்ஸோட சரக்குனு நகர்ந்து உட்கார்றதால. அத்தை உட்கார்ற குஷன் மத்ததை விட கொஞ்சம் இறங்கியிருக்கு, அதனால மாசம் ஒரு தடவை சேருக்கு சேர் மாத்திப் போடுறேன். 1, 2, 3, 5, 6 ஒண்ணுக்கொண்ணு சரியா உட்காருது. 4-ம் நம்பர் குஷன் மட்டும் அது சேரை விட்டு வேற எங்கயும் ஒத்து வர மாட்டேங்குது.